ஆகாத தண்ணீர்

அபாரோரோத் தீவில் பதினான்கு மாதமாக மழை பெய்யவில்லை. இதைப் பசிபிக் நீராக்க ஆணையம் ஒத்துக்கொள்ளவில்லை. 'மழை இல்லை' என்று எழுதினால் யாரையோ குற்றம் சொல்வது போலாகிவிடும் என்பதால், 'வானத்தின் பங்களிப்பில் தாமதம்' என்றுதான் அது தன் கடிதங்களில் எழுதியது. ஊர்ச்சபை அனுப்பிய மூன்று மனுக்களிலும் மழை என்ற சொல் இருந்தது. மூன்றும் திருத்தி அனுப்பச் சொல்லித் திரும்பி வந்தன. நான்காவது மனுவில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு எழுதிக் கொடுத்தவன் பகோவா. பின்னால் வந்த அத்தனைக்கும் அதுதான் ஆரம்பம் என்று அவன் மனைவி தெராவோய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பகோவாவுக்கு நாற்பத்தாறு வயது. கிரிபாஸ் நாட்டுத் தென் தீவுகளின் ஆண்பிள்ளைகள் பலரைப் போல அவனும் ஜெர்மன்காரன் கப்பலில் பதினாறு வருஷம் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். ஊருக்கு வந்த பிறகு மீன் பிடித்தான், தென்னையேறிப் பதநீர் இறக்கினான், யார் வீட்டுப் படகு மோட்டார் நின்றாலும் போய் ஓட வைத்தான். இப்போது தென்னைகளெல்லாம் தலை காய்ந்து நின்றன. கிணறுகளில் உப்பேறிவிட்டது. நல்ல தண்ணீர் என்று மிச்சமிருந்தது தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த சிமென்ட் தொட்டியில்தான். கூரையில் விழுந்த பழைய மழை. வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளி என்று ஊர்ச்சபை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கில் போனால் இன்னும் நான்கு மாதம் தாங்கும்.

நான்காவது மனுவுக்குப் பதிலாக ஒரு கப்பலே வந்தது.

ஊர்க் கூடத்தில் வரவேற்பு. பெண்கள் ஊர் வழக்கப்படி விருந்தாளிகளின் கழுத்தில் முகப்பவுடர் தூவி, தலையில் பூமாலை வைத்தார்கள். பூ இல்லாததால் அரிசிப் பையின் பிளாஸ்டிக்கைக் கிழித்துப் பின்னிய மாலை. ஆணையத்தின் தலைவர் டாக்டர் ஹெஸ்கெத் பிரிஸ்பேன்காரர், நல்ல உயரம், சிவந்த கழுத்து. தீவில் கடைசியாகக் கிடைத்த மூன்று இளநீரில் இரண்டைக் குடித்து முடித்து, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். தலைநகரிலிருந்து வந்த தெபானோ, ஆணையத்தின் தீவு அதிகாரி, முப்பது வயதுக்காரன், பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தான்.

"இத்தனை வருஷமா உங்களுக்குத் தண்ணி குடுக்கறோம்னு வந்தவங்க எல்லாம் என்ன செஞ்சாங்க? ஒரு இடத்துல இருந்த தண்ணியை இன்னொரு இடத்துக்குக் கொண்டுவந்தாங்க. அது கூலி வேலை. நாங்க தண்ணி குடுக்க வரலை. தண்ணியை உண்டாக்க வந்திருக்கோம். ஹைட்ரஜன் ரெண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு. சேர்த்து ஒரு பொறி வெச்சா, தண்ணி. அவ்வளவுதான். ஆகாயத்தை நம்பி ஏன் உக்காந்திருக்கீங்க? இந்த விஷயம் தெரிஞ்சு இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. தாகம்ங்கறது அறியாமை."

கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். எச்சில் விழுங்க முடியாதவர்கள்கூடத் தட்டினார்கள்.

பிறகு செய்முறை. தலைவர் ஹைட்ரஜன் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துப் பிடித்து, வாயருகே எரியும் குச்சியைக் கொண்டுபோனார். 'டுப்' என்று ஒரு சத்தம். குழந்தைகள் அலறினார்கள். குழாயின் உட்புறம் மங்கலாக ஒரு ஆவி படிந்திருந்தது.

"தண்ணீரின் பிறப்புக் குரல்" என்றார் தலைவர், கண் கலங்கி. "இதே மாதிரி நாப்பத்தேழு தீவுல கேட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு அழுகை வரும்."

ஊரார் வரிசையில் வந்து குழாயைப் பார்த்துப் போக வேண்டும் என்பது விதி. சபையின் மூத்தவர் தெகாய்க்கு எண்பது வயது. தன் முறை வந்ததும் குழாயை வாங்கி, கிட்ட வைத்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார், பிறகு நாக்கை உள்ளே விட்டு நக்கினார்.

"ஐயோ! சாம்பிளை அழிச்சிட்டாரு!" என்று தெபானோ பதறினான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் தெகாய். "இன்னும் ஒரு ரெண்டாயிரம் தடவை டுப்புனு அடிச்சா என் தொண்டை நனைஞ்சுடும். ஆரம்பிங்க."

அன்று ஒரு பாதகத்தைச் செய்தவன் பகோவாதான். அவன் கை தூக்கி ஒரு கேள்வி கேட்டான்.

"சார், ஆக்சிஜன் காத்துல இருக்கு. ஹைட்ரஜன் எங்கேருந்து வரும்?"

தலைவர் மகிழ்ந்துபோனார். நாற்பத்தேழு தீவிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லையாம்.

"ரெண்டையுமே நாமளே பிரிச்சு எடுக்கறோம்."

"எதுலேருந்து சார்?"

"தண்ணிலேருந்து."

பகோவா திரும்பிக் கடலைப் பார்த்தான். கூடமும் கூடவே பார்த்தது.

"கடல் தண்ணியா சார்?"

"சேச்சே. கடல் தண்ணி உப்பு. பிரிப்பானுக்கு ஒத்துக்காது. அதுக்கு நல்ல தண்ணிதான் ஆகும்."

"எங்களுக்கும் அப்படித்தான் சார்" என்றான் பகோவா. கிண்டலாகச் சொல்லவில்லை. மிஷினுக்கும் மனுஷனுக்கும் ஒரே குணம் இருக்கிறதே என்ற வியப்பில் சொன்னான். "கப்பல்ல நாங்க கடல் தண்ணியைக் காய்ச்சி ஆவி புடிச்சுக் குடிப்போம். எஞ்சின் சூடே போதும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் வரும். அது மாதிரி ஒரு சின்னது..."

தலைவரின் முகத்தில் இரக்கம் வந்தது. "தம்பி, அது தண்ணிலேருந்து தண்ணி எடுக்கறது. அதுல படைப்பு எங்க இருக்கு?"

இருந்தாலும் விஷயம் தெரிந்தவன் என்று பகோவாவையே மிஷினுக்கு ஆளாகப் போட்டார்கள். 'நீர் ஆக்குநர், இரண்டாம் நிலை' என்று பெயர் பொறித்த சட்டையும் மஞ்சள் தலைக்கவசமும் கொடுத்தார்கள். முதல் நிலை யார் என்று கேட்டான். இயற்கை என்றான் தெபானோ.

மறுநாளே சிமென்ட் தொட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். அதில் இருந்தது இனிமேல் தண்ணீர் இல்லை, மூலப்பொருள். ஆணையத்தின் அகராதியில் உலகத்துத் தண்ணீரெல்லாம் இரண்டே வகை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அதிகாரிகள் முன்னிலையில் சேர்ந்து உண்டானது ஆக்கிய தண்ணீர். யாரும் பார்க்காமல் தானாக உண்டானது ஆகாத தண்ணீர். ஆகாத தண்ணீரை மனிதன் குடிப்பது ஆணையத்தின் கொள்கைக்கு விரோதம்.

பிள்ளைகள் பந்து விளையாடிய மைதானம் முழுக்கச் சூரியத் தகடுகளைப் பரப்பினார்கள். தொட்டியை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, பிரிப்பானையும் சேர்ப்பானையும் உள்ளே வைத்தார்கள். தினம் காலையில் பகோவா தொட்டியைத் திறந்து நாற்பது லிட்டர் விடுவான். வடிகட்டி அதில் பாதியைக் கழிவு என்று குழாய் வழியே கல்மண்ணில் கொட்டும். அந்தக் கழிவு தொட்டியில் இருந்த மழைத் தண்ணீரைவிட மோசமில்லை. ஒரு பாத்திரத்தை வைத்துப் பிடிக்கப் பார்த்த பெண்ணை, கழிவைத் திருடினாள் என்று தெபானோ எழுதிக்கொண்டான். மீதி இருபது லிட்டர் பிரிப்பானில் வாயுவாகும். இரண்டும் வேறு வேறு உருளைக்குள் போய், மாலையில் சேர்ப்பானுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எரியும். எரியும்போது பாதி ஆவி கொட்டகைக் கூரை வழியாகப் போய்விடும். மிச்சம் ஒன்பது லிட்டர் சொட்டும். ஆறு லிட்டரைச் சீசாக்களில் அடைத்து முத்திரை வைப்பார்கள், ஆய்வுக்கூடத்துக்கு. இரண்டு லிட்டர் ஆணைய அலுவலகத்தில் கண்ணாடி ஜாடியில் பார்வைக்கு. மீதி ஒரு லிட்டர் அறுபத்திரண்டு குடும்பத்துக்கு. வீட்டுக்கு மூன்று தேக்கரண்டி.

அதை வாங்க வருகிறவர்கள் சேர்ப்பான் எரியும் நேரம் முழுதும் வெயிலில் சாட்சியாக நின்று கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி இல்லாமல் உண்டான தண்ணீர் ஆகாத தண்ணீர்தானே.

"மிஷின் விட்ட தண்ணியைவிட நாம விட்ட வேர்வை ஜாஸ்திடா" என்றார் தெகாய் வரிசையில் நின்றபடி. "அதைப் புடிச்சிருந்தா ஆளுக்கு ஒரு சொம்பு தேறும்."

தெபானோ அதையும் எழுதிக்கொண்டான். அடுத்த மாதம் தலைமையகத்திலிருந்து வேர்வையைப் பற்றிக் கருத்துக் கேட்டுக் கடிதம் வந்தது.

வீட்டில் தெராவோய் புருஷனை விடவில்லை. அவள் வாய்க்கு அந்தப் பக்கத்துத் தீவுகளிலெல்லாம் பெயர் உண்டு.

"ஏன்யா, எனக்கு ஒரு விஷயம் சொல்லு. காலையில ரெண்டு பெரிய குடம் உள்ளே போகுது. சாயங்காலம் மூணு ஸ்பூன் வெளியே வருது. நடுவுல நீ எதுக்குத் தொப்பி போட்டிருக்கே?"

"வெடிச்சா தலையில படக் கூடாதுன்னு குடுத்திருக்காங்க."

"உள்ளே இருக்கறது ரொம்பப் பத்திரமா இருக்கணும் பாரு."

"ரசாயனம் தெராவோய். உனக்குப் புரியாது."

"உனக்குப் புரிஞ்சிடுச்சா?"

பகோவா யோசித்தான். "இல்லை" என்றான். அந்த வீட்டில் பொய் செல்லாது.

அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. இவ்வளவு பெரிய ஆட்கள், இவ்வளவு கம்பி, இவ்வளவு தகடு. தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இதில் இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தான். கப்பலிலும் மேல்தளத்தில் நடப்பது எஞ்சின் அறைக்குத் தெரியாது. இருந்தும் கப்பல் போய்ச் சேர்ந்ததே.

ஆறாவது வாரத்தில் ஊரார் திரும்பக் கிணற்றுக்குப் போனார்கள். உப்பும் சேறும் கலந்த தண்ணீர். எட்டாவது வாரத்தில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முதலில் குழந்தைகளுக்கு, பிறகு எல்லோருக்கும். தெராவோய்க்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. அப்போதும் நக்கல் போகவில்லை.

"பாருய்யா, நான்கூட ஒரு பிரிப்பான்" என்றாள் பாயில் படுத்துக்கொண்டு. "என்கிட்டே இருக்கற தண்ணியெல்லாம் தனியா போகுது."

மருத்துவ நிலையத்து நர்ஸ் மேரே உப்பு சர்க்கரைப் பொட்டலங்களோடு வந்தாள். கையில் பொட்டலம் இருந்தது. கலக்கத் தண்ணீர் இல்லை.

"கிணத்துத் தண்ணியில கலந்தா விஷத்தையே திரும்பக் குடுத்த மாதிரி அண்ணே. இன்னிக்கு அஞ்சு லிட்டர், நாளைக்கு அஞ்சு லிட்டர். குடுத்தா அக்கா எழுந்து உக்காந்து உங்களைத் திட்டுவாங்க. சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே அவன் தெபானோவிடம் போய் அனுமதி கேட்டான். இந்த ஒன்றைத்தான் பிற்பாடு அவனால் மன்னிக்க முடியவில்லை. நேராகத் தொட்டிக்குப் போயிருக்கலாம். பதினாறு வருஷம் மேலதிகாரி சொல்லாமல் ஒரு வால்வைக்கூடத் தொடாத கை அது. அலுவலகத்தைத்தான் நோக்கிப் போயிற்று.

தெபானோ கெட்டவனில்லை. கேட்டதும் அவனே எழுந்து நாற்காலி போட்டான்.

"அண்ணே, உக்காருங்க. என் அம்மாவா நினைச்சு சொல்றேன், அக்காவுக்கு மூலப்பொருளைக் குடுக்கவே கூடாது. நாளைக்கு அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஆணையத்தோட ஆளே ஆகாத தண்ணியைக் குடுத்தான்னு ஆயிடும். உங்க வேலை போயிடும். அதைவிட, திட்டத்தோட பேரு?"

"அப்போ அந்த ஜாடியில இருக்கறதையாவது குடுங்க சார். அது ஆக்கினதுதானே."

தெபானோ ஜாடியைத் திரும்பிப் பார்த்தான். வெயில் பட்டு அது நன்றாக மின்னியது.

"அது பார்வைக்கு. அதைக் குடிச்சா பார்வைக்கு என்ன வைக்கறது? ஆனா ஒண்ணு செய்யலாம். அவசரப் பிரிவுல இன்னிக்கே தனியா ஒரு ஆக்கம் போடுங்க. நானே கையெழுத்துப் போடறேன். விதியில இடம் இருக்கு."

பகோவா ஓடினான். வெயில் உச்சியில் இருந்தது, தகடுகள் நன்றாக வேலை செய்தன. தொட்டியைத் திறந்து முப்பது லிட்டர் விட்டான். கலகலவென்று குழாயில் அது போகும் சத்தம் காதில் விழுந்தது. பாதி கழிவாகக் கல்மண்ணில் கொட்டியது. மீதி குமிழியிட்டு வாயுவாகி உருளைகளில் ஏறியது. மூன்று மணி நேரம். பிறகு சேர்ப்பானைப் பற்றவைத்தான். கண்ணாடித் துளை வழியே நெருப்பின் நிறம்கூடச் சரியாகத் தெரியவில்லை. சொட்டுச் சொட்டாக வந்தது. முப்பது லிட்டர் தண்ணீரைக் கையில் வைத்திருந்தவன், அதை எரித்து ஆறேகால் லிட்டர் தண்ணீர் ஆக்கினான். ஆய்வுக்கூடத்தின் ஆறு காலிச் சீசா வந்து நின்றது.

"சாம்பிள் முதல்ல அண்ணே. அவசரப் பிரிவுன்னா சாம்பிள் கட்டாயம். ஏன் அவசரம்னு கேப்பாங்க" என்றான் தெபானோ.

ஆறாவது சீசா நிரம்பியபின் மிஞ்சியது ஒரு கண்ணாடித் தம்ளர். அதைத் தெபானோ வெள்ளைத் துணியால் மூடிக் கொடுத்தான். பகோவா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊர் நடுவே நடந்தான். கற்பாதை. ஒரு துளி சிந்தவில்லை.

மேரே அதில் சிட்டிகை உப்பும் சர்க்கரையும் கலந்து, தெராவோயின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். அவள் குடித்தாள். குடித்து முடித்துத் தம்ளரைப் பார்த்தாள்.

"இன்னும்" என்றாள்.

"நாளைக்கு" என்றான் பகோவா.

"நாளைக்கா..." என்றாள் தெராவோய். அதற்குமேல் ஏதோ நக்கலாகச் சொல்ல வாயெடுத்தாள். உதடு ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை விடிந்ததும் இறந்துபோனாள். அடக்கத்துக்குத் தெபானோ வந்து உண்மையாகவே அழுதான். போகும்போது ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போனான். இறப்பின் காரணம் என்ற இடத்தில் அவனே பூர்த்தி செய்திருந்தான்: 'ஆகாத தண்ணீர் அருந்தியது.' பகோவாவின் மகள் ரோத்தா, பதினேழு வயது, அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"அப்பா, இதுல கையெழுத்துப் போடாதே."

"பொய் ஒண்ணும் இல்லையேம்மா" என்றான் பகோவா. "கிணத்துத் தண்ணிதானே குடிச்சா." போட்டுவிட்டான்.

திட்டத்தின் முதலாண்டு விழாவுக்கு டாக்டர் ஹெஸ்கெத் வந்தார். கூடவே நன்கொடை தரும் நாடுகளிலிருந்து ஒன்பது பேர். இந்த முறை இளநீர் இல்லை. அவர்களே சீசாவில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். கூடத்தின் மூலையில் நாற்பது பெட்டி அடுக்கியிருந்தது. அதை யாரும் தொடவில்லை. ஊரார் பார்வை மட்டும் அதன்மேல் இருந்தது.

கூடத்தின் நடுத்தூணில் ஆள் உயரத்துக்கு ஒரு படம் தொங்கியது. தெராவோய். மழை பெய்துகொண்டிருந்த காலத்தில் ஒரு நடனத்தின்போது யாரோ எடுத்தது. தலையில் நிஜப் பூமாலை, வாயெல்லாம் சிரிப்பு. கீழே பெரிய எழுத்தில்: 'இவர் ஆகாத தண்ணீர் அருந்தினார். நீங்கள்?'

பகோவா விழாவுக்கு மிஷினைத் தயார் செய்யப் போகிற வழியில் அதைப் பார்த்தான். தலைவர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"உங்க மனைவிக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம் பகோவா. இந்த மாதிரி ஒரு மரணம் இல்லாம எந்தத் திட்டமும் ரெண்டாவது வருஷத்துக்குப் போகாது. அஞ்சு தீவு கேட்டிருக்காங்க. எல்லாம் இந்த முகத்தாலதான்."

"ஒரு தம்ளர் குடுத்தோம் சார்" என்றான் பகோவா.

"அந்த ஒரு தம்ளர்தான் சரித்திரம்" என்றார் தலைவர்.

பகோவா தலையாட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போனான். ஊர் மொத்தமும் அந்தக் கோடியில் கூடத்தில் இருந்தது. தலைவர் கை தூக்கினதும் இங்கே அவன் சேர்ப்பானைப் பற்றவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கொட்டகைக்குப் பின்னால் படுத்திருந்த பன்றியை அவிழ்த்து விரட்டினான். இரண்டு கோழியைக் கல்லெறிந்து துரத்தினான். தலைக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அப்புறம் இரண்டு உருளையையும் ஒரே நேரத்தில் முழுக்கத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, தூரத்துக் கல்மேட்டுக்குப் பின்னால் படுத்து, பற்றவைக்கும் விசையில் கட்டி நீட்டியிருந்த கம்பியை இழுத்தான்.

அதற்கு மேல் கொட்டகை இல்லை. தகரங்கள் தென்னை உயரத்துக்குப் போய்த் தகடுகளின் மேல் விழுந்தன. கூடத்தில் எல்லோரும் குப்புற விழுந்தார்கள். புகை விலகியபோது பகோவா தான் நினைக்காத ஒன்றைப் பார்த்தான். சிமென்ட் தொட்டியில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். அது அகன்றது. உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் மொத்தமும் சுவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

ஊரே ஓடி வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. சட்டி, தொப்பி, தேங்காய்ச் சிரட்டை, கை. ஒன்றும் இல்லாதவர்கள் அப்படியே படுத்து வாயை வைத்தார்கள். தெகாய் கிழவர் மண்டியிட்டு மாடு மாதிரி குடித்தார். கல்மண் அதைவிட வேகமாகக் குடித்தது. ஐந்தாறு நிமிஷத்தில் ஈரம் மட்டும் மிஞ்சியது.

"நல்ல வேலை செஞ்சடா" என்றார் தெகாய், தாடையில் மண்ணோடு நிமிர்ந்து. "வயிறு நிறைஞ்சு ஒரு வருஷம் ஆச்சு."

அப்போதுதான் தலைவரும் ஒன்பது பேரும் வந்து சேர்ந்தார்கள். தலைவர் பிளாஸ்டிக் மாலையோடு நனைந்த தரையின் நடுவே நின்று நாலா பக்கமும் பார்த்தார். குனிந்து மண்ணைத் தொட்டார். அவர் கண் கலங்கியது.

"ஒரே நொடியில..." என்றார். "தெபானோ, அளவு எடு."

பகோவா எழுந்து வந்தான். காதில் இன்னும் ரீங்காரம் இருந்தது. அதனால் கத்திப் பேசினான்.

"நான்தான் சார் வெடிக்க வெச்சேன். வேணும்னுதான் வெச்சேன்."

"தெரியும்" என்றார் தலைவர், அவனைக் கட்டிக்கொண்டு. "கொஞ்சம் கொஞ்சமா எரிச்சுக்கிட்டிருந்தோம். மொத்தமா எரிக்கணும்னு யாருக்குத் தோணுச்சு? எங்களுக்குத் தோணலை. ஒரு எஞ்சின் தொழிலாளிக்குத் தோணியிருக்கு."

"இது தொட்டித் தண்ணி சார். தொட்டி உடைஞ்சுடுச்சு. பாருங்க."

தலைவர் தொட்டியைப் பார்த்தார். பிறகு தெபானோவைப் பார்த்தார்.

"தொட்டியில இருக்கற மூலப்பொருளைத் தரையில விட விதி இருக்கா?"

"இல்லை சார்."

"அப்போ தரையில இருக்கறது மூலப்பொருள் இல்லை" என்றார் தலைவர். ஒன்பது பேரும் குறித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு அம்மாள் மட்டும், இத்தனை பேர் அதைக் குடித்தார்களே, ஆகாததாக இருந்தால் இந்நேரம் செத்திருப்பார்களே என்று சந்தேகத்தைத் தீர்த்து வைத்தாள்.

தலைநகரிலிருந்து தண்ணீர்க் கப்பல் இருபத்திரண்டு நாள் கழித்துத்தான் வந்தது; அதற்குள் கிணறுகளில் சேறு மட்டும் மிஞ்சியிருந்தது. விருந்தாளிகளின் நாற்பது பெட்டியில் பன்னிரண்டு மிச்சம் இருந்தது. மேரே அதைக் குழந்தைகளுக்கு மூடியில் ஊற்றிக் கொடுத்து ஓட்டினாள். குழந்தைகள் பிழைத்தார்கள். பெரியவர்களில் மூன்று பேர் பிழைக்கவில்லை. தெகாய் ஒருவர். அவருடைய படிவத்தில் காரணம் 'வயது' என்று இருந்தது. ஆக்கிய தண்ணீரைக் குடித்தவர் என்று பதிவாகிவிட்டதால் வேறு எதுவும் எழுத முடியாமல் போயிற்று.

பகோவா அந்த மூன்று வாரமும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தெபானோ இரண்டு உறையோடு வந்தான். திண்டாடித்தான் பேசினான்.

"அண்ணே, ரெண்டு கோப்பு இருக்கு. ஒண்ணுல நீங்க புது முறையைக் கண்டுபிடிச்சவர். பதக்கம், முதல் நிலை, அடுத்த தீவுல பொறுப்பு. இன்னொண்ணுல நீங்க அரசாங்கச் சொத்தை வெடி வெச்சவர், மூணு பேரு சாவுக்கும் காரணம். ரெண்டுலயும் விவரம் ஒண்ணுதான். ஒரு வரி வித்தியாசம் இல்லை. நீங்க எதைச் சொல்றீங்களோ அதை அனுப்பறேன்."

"முதல் நிலை இயற்கைன்னு சொன்னே?"

"இடம் காலியாயிடுச்சு அண்ணே."

பகோவா உள்ளே திரும்பிப் பார்த்தான். ரோத்தா பாத்திரத்தின் அடியைத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் முதல் உறையை வாங்கிக்கொண்டான். தந்தையும் மகளும் அடுத்த கப்பலில் ஏறினார்கள். கப்பலில் மூன்று வேளையும் வேண்டுமட்டும் தண்ணீர் கொடுத்தார்கள். கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுத்தது. ரோத்தா முதல் நாள் குடித்துக் குடித்து வாந்தி எடுத்தாள்.

நூகுரேரே தீவு அபாரோரோவைவிடச் சின்னது. கரையில் ஊரே திரண்டு நின்றது. வெடித்துப் பிளந்த உதடுகள், உள்ளே போன கண்கள். பவுடர் தூவக்கூட அவர்களிடம் பவுடர் இல்லை. தெபானோ படகின் முனையில் ஏறி நின்று, ஆகாயத்தை நம்பிக்கொண்டிருந்த காலம் முடிந்தது, இதோ வந்திருப்பவர்தான் ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரை உண்டாக்கியவர் என்று அறிமுகம் செய்து வைத்தான். கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. பகோவாவின் சட்டையில் பதக்கம் வெயிலில் சுட்டது.

பேச்சு முடிந்து அவன் கரையில் இறங்கும்போது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் தண்ணீரில் இறங்கி அவன் எதிரே வந்து நின்றாள்.

"அண்ணே, எனக்கு இதெல்லாம் தெரியாது. இந்த மிஷின் நிஜமாவே தண்ணி குடுக்குமா? அதுக்கு நாங்க ஏதாவது கொண்டு வரணுமா? விறகு, தேங்காய் நார், ஏதாவது? எது கேட்டாலும் கொண்டு வர்றோம்."

பகோவா அந்தக் குழந்தையைப் பார்த்தான். பின்னால் படகிலிருந்து தெபானோ பார்த்துக்கொண்டிருந்தான். ரோத்தாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி கொண்டு வாங்க" என்றான்.

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு, பெரிய மனிதர் தன்னிடம் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று புரிந்துகொண்டு, வெடித்த உதடு வலிக்க, மரியாதைக்காகச் சிரித்தாள்.